கரண்ட் வைத்த உடம்பு

என் கழுத்திலிருந்த கட்டியை முதலில் பார்த்தது எங்கள் வீட்டுக்காரம்மாதான். திருப்பூரிலிருந்து மங்கலம் போகும் வழியில் அவருக்கு வரிசையாக எட்டு லைன் வீடுகள். ஐந்தாவது வீட்டில் நாங்கள் பதினோரு வருடமாகக் குடியிருக்கிறோம். காம்பவுண்டுக்கு முன்புறம் இருக்கும் பெரிய வீட்டில் அவர் இருக்கிறார். ஒரு நாள் தண்ணீர் பிடிக்கும்போது நான் குடத்தைத் தோளுக்கு ஏற்றினேன். அவர் கையை நீட்டி, "ஏனுங்க அம்மிணி, கழுத்துல என்னுங்க அது, எலந்தப்பழமாட்டம்?" என்று கேட்டார்.

தடவிப் பார்த்தேன். எச்சில் விழுங்கினால் அது மேலே ஏறி இறங்கியது. வலி இல்லை. வலி இல்லாததாலேயே இன்னும் ஒரு மாதம் அதைக் கவனிக்காமல் இருந்தேன்.

நான் பிறந்தது தூத்துக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர். கல்யாணமான மூன்றாம் மாதம் திருப்பூர் வந்தோம். என் கணவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நான் இன்னொரு கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். எங்களுக்கு ஒரே மகள், அப்போது அவளுக்கு ஐந்து வயது. ஒரு அறை, ஒரு சமையல் கட்டு. மூன்று பேரும் ஒரே பாயில்தான் படுப்போம்.

கட்டி தைராய்டு புற்றுநோய் என்று தெரிந்தது. "இருக்கிறதுலேயே நல்ல புற்றுநோய் இதுதாம்மா" என்றார் டாக்டர். நல்லது என்ற சொல்லையும் அந்த நோயின் பெயரையும் ஒன்றாகக் கேட்டபோது எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கோயம்புத்தூரில் ஆபரேஷன் செய்து சுரப்பியை எடுத்தார்கள். தையல் ஆறிய பிறகு டாக்டர் இன்னொன்று சொன்னார். கண்ணுக்குத் தெரியாத மிச்சம் உடம்பில் எங்காவது இருக்கலாம், அதை அழிக்க அயோடின் கொடுக்க வேண்டும்.

"புண்ணுக்குத் தடவுத அயோடினா சார்?" என்று என் கணவர் கேட்டார்.

"கிட்டத்தட்ட அதேதான். ஆனா இது கதிர்வீச்சு உள்ள அயோடின்."

தைராய்டு செல்கள் உடம்பில் எங்கே ஒளிந்திருந்தாலும் அயோடினைத் தேடிப் பிடித்துக்கொள்ளுமாம். அதனால் முதலில் கொஞ்ச நாள் அவற்றைப் பட்டினி போட வேண்டும். அந்தப் பட்டினியில் கதிர்வீச்சு அயோடினைக் கொடுத்தால் ஆவலாய் வாங்கிக்கொண்டு அழிந்துபோகும்.

அவற்றுக்குப் பட்டினி என்றால் எனக்கும் பட்டினிதான். மீன் கூடாது, முட்டை கூடாது, பால் கூடாது, அயோடின் சேர்த்த உப்பு கூடாது. மங்கலம் ரோட்டில் எந்தக் கடையில் கேட்டாலும் எல்லா உப்புப் பாக்கெட்டிலும் அயோடின் சேர்த்தது என்று பெரிதாகப் போட்டிருந்தது. "சாயப்பட்டறைக்கு லாரி லாரியா உப்பு வருது, அதுல ரெண்டு கை கேட்டுப் பாக்கட்டா?" என்றார் கணவர். பாவம், அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. கடைசியில் என் அம்மா ஊர் உப்பளத்திலிருந்து கல்லுப்பு வாங்கி பஸ்ஸில் போட்டுவிட்டாள். எடுத்த சுரப்பிக்குப் பதிலாகத் தினமும் போட்டுவந்த தைராய்டு மாத்திரையையும் நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். உடம்பு கனத்துப் போனது. வெயிலிலும் குளிர்ந்தது. என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

இவை எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது ஒன்று இருந்தது. மருந்து கொடுத்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் தனி அறையில் இருக்க வேண்டும். வெளியே வந்த பிறகும் கொஞ்ச நாளைக்கு என் உடம்பிலிருந்து கதிர்வீச்சு வந்துகொண்டிருக்கும். குழந்தையைப் பக்கத்தில் சேர்க்கக்கூடாது. கர்ப்பிணிகள் பக்கத்தில் போகவே கூடாது.

எங்களுக்கு இருப்பது ஒரே அறை. அது போதாதென்று வீட்டுக்காரம்மாவின் மகள் ஏழு மாதக் கர்ப்பிணியாகப் பிரசவத்துக்கு வந்திருந்தாள். தண்ணீர்க் குழாய் எல்லோருக்கும் பொது. வாசலும் பொது.

"சொல்லாத. சொன்னா வீட்டைக் காலி பண்ணுன்னுருவாங்க" என்றார் கணவர்.

"வயித்துல புள்ளையோட ஒருத்தி அங்க நிக்கா. சொல்லாம எப்படி இருக்க?" என்றேன்.

மறுநாள் வேலைக்குப் போகும் முன் பெரிய வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் கை நின்றுவிட்டது.

"கரண்ட் வெக்கறாங்களா?" என்று கேட்டார்.

எங்கள் பக்கமும் இவர்கள் பக்கமும் கதிர்வீச்சு சிகிச்சைக்குக் கரண்ட் வைப்பது என்றுதான் பெயர். "கரண்ட் இல்லங்கம்மா, மாத்திரை. ஆனா அதே மாதிரிதான்" என்றேன். அப்போது எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்த 'அதே மாதிரி' என்ற வார்த்தையை நான் சொல்லியிருக்கக்கூடாது என்று பின்னால் எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

உள்ளே மகள் நடக்கும் சத்தம் கேட்டது. அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "பொங்கலூர்ல எங்க தோட்டத்துச் சாளை சும்மாதான் கெடக்குதுங்க. உங்களுக்கு எத்தன நாளு வேணுமோ அங்க இருந்துக்குங்க. சோறாக்கிக் குடுக்க நானும் வாரேன்" என்றார்.

நான் எதிர்பார்த்துப் போனது வேறு.

ஆஸ்பத்திரியில் அந்த அறை கட்டிடத்தின் ஒரு மூலையில் இருந்தது. கதவு அவ்வளவு கனம். சுவருக்குள் ஈயத் தகடு வைத்திருக்கிறார்கள் என்றார்கள். கதிர்வீச்சுக்குப் பொறுப்பாக இருந்தது ஓர் இளம்பெண். இருபத்தைந்து, இருபத்தாறு வயதுதான் இருக்கும். பல்லடம் பக்கத்துப் பெண். சட்டைப் பையில் சின்ன பேட்ஜ் ஒன்றைக் குத்தியிருந்தாள். தன் மேல் படும் கதிர்வீச்சை அது கணக்கு வைத்துக்கொள்ளுமாம்.

தள்ளுவண்டியில் ஒரு ஈயக் குடுவையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"அக்கா, இத நான் கையில எடுத்துக் குடுக்க முடியாதுங்க. நீங்களே மூடியத் தொறந்து வாயில போட்டுக்கோணும். கடிக்காம தண்ணியோட முழுங்கிப்போடுங்க."

சொல்லிவிட்டு அவள் ஈயத் தட்டிக்குப் பின்னால் போய் நின்றாள்.

"நீங்க தொடவே பயப்படுதீங்க. நான் இத முழுங்கணுமா?" என்று கேட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. "உங்களுக்கு இது ஒரு தடவைங்கக்கா. எனக்குத் தெனமும் இதுதான் வேலை. அதனாலதான் தள்ளி நிக்கறேன்" என்றாள்.

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. விழுங்கினேன். சாதாரண மாத்திரைதான். ருசி ஒன்றும் இல்லை.

இனி நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், கழிவறையில் இரண்டு முறை தண்ணீர் விட வேண்டும், எச்சில் ஊற எலுமிச்சம்பழத்தைச் சப்ப வேண்டும் என்றாள். உடம்புக்குள் போனது என்ன செய்யும் என்று கேட்டேன்.

"இதுலருந்து ரெண்டு வருதுங்கக்கா. ஒண்ணு பீட்டா. அது ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டருக்கு மேல போவாது. உள்ள நின்னு வேல செய்யறது அதுதான். இன்னொண்ணு காமா. அது உங்க உடம்பத் தாண்டி, துணி, மரக்கதவு எல்லாத்தையும் தாண்டி வெளிய வரும்."

"அப்ப காமாதான் கெட்டதா?"

"கெட்டதுன்னு எப்படீங்க சொல்றது? அது வெளிய வந்தாத்தானே மருந்து எங்க போயி ஒட்டியிருக்குதுன்னு எங்களால படம் எடுக்க முடியும்? எட்டு நாளைக்கு ஒருக்கா பாதியாயிரும். மீதி ஒண்ணுக்கு வழியாவும் போயிரும்."

அறைக்கு வரும் வழியில் ஒரு நீண்ட வரிசையைப் பார்த்திருந்தேன். வெளியே மெஷினில் கரண்ட் வைத்துக்கொள்பவர்கள். முகத்திலும் கழுத்திலும் மையால் கோடு போட்டிருந்தார்கள். அதில் ஒருவர் மடியில் குழந்தையை வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தார். அது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. "அவங்க மட்டும் புள்ளையத் தூக்குதாங்களே?" என்று கேட்டேன்.

"அவங்க வேறங்கக்கா. அது வெளிய இருந்து மெஷின் அடிக்கறது. நிறுத்துனா முடிஞ்சுது. உடம்புல ஒண்ணும் தங்காது. உங்களுக்கு மருந்தே உள்ள இருக்குது, அதுதான் வித்தியாசம்."

அதைக் கேட்டபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. வேறொன்றும் தோன்றவில்லை.

மூன்று நாள் அந்தப் பெண்ணைத் தவிர மனித முகம் பார்க்காமல் இருந்தேன். சாப்பாட்டைக் கதவுக்கு உள்ளே வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். காலையில் அந்தப் பெண் தரையில் குறித்திருந்த கோட்டில் நின்று, கதிர்வீச்சை அளக்கும் ஒரு மீட்டரை என் பக்கம் நீட்டுவாள். அது பொரியும் சத்தம் கேட்கும். எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு துணியும் பேக்கிங்குக்கு முன் ஒரு மெஷின் வழியாகப் போக வேண்டும். தையலில் உடைந்த ஊசித் துணுக்கு இருந்தால் அது கத்தும். அந்தத் துணியை எடுத்துத் தனியாகப் போடுவது என் வேலை. மீட்டர் பொரிந்தபோது அந்தத் தனிக்கூடை ஞாபகம் வந்தது. மூன்றாம் நாள் சத்தம் வெகுவாகக் குறைந்திருந்தது. "போகலாங்கக்கா" என்றாள்.

கணவர் வாடகைக் கார் கொண்டுவந்திருந்தார். அவர் முன்னால், நான் பின் இருக்கையின் மூலையில். மகளைக் கூட்டி வரவில்லை. நேராகப் பொங்கலூர் போனோம்.

தோட்டத்துச் சாளை என்பது தென்னைகளுக்கு நடுவே ஓடு போட்ட ஓர் அறை. முப்பது அடி தள்ளி இன்னொரு சின்ன வீடு. அதில் வீட்டுக்காரம்மா தங்கிக்கொண்டார். மகளைப் பார்த்துக்கொள்ள அவள் மாமியாரை வரச் சொல்லிவிட்டு வந்திருந்தார். என் கணவர் எங்கள் மகளுடன் மங்கலத்தில்.

முதல் நாள் மதியமே ஒன்றைக் கவனித்தேன். வீட்டுக்காரம்மா சோற்றுத் தட்டைக் கொண்டுவந்து வாசலிலிருந்து எட்டடி தள்ளி ஒரு கல்லின் மேல் வைத்தார். மூடிவிட்டுப் பின்வாங்கினார். நான் எடுத்துக்கொண்டு உள்ளே வந்த பிறகுதான் திரும்பி நடந்தார். குடிக்கத் தனிச் சொம்பு, துவைக்கத் தனி வாளி எல்லாம் முன்பே எடுத்து வைத்திருந்தார். நான் ஒன்றும் சொல்லித் தரவில்லை.

"எல்லாத்தையும் டாக்டர் சொன்ன மாதிரியே செய்யுதீங்களேம்மா" என்றேன்.

"எனக்குப் பழக்கமுங்க" என்றார்.

சாயங்காலங்களில் அவர் தென்னை மரத்தடியில் உட்காருவார். நான் அறை வாசலில் உட்காருவேன். கொஞ்சம் சத்தமாகப் பேச வேண்டும். மூன்றாவது நாளோ நான்காவது நாளோ அவர் தன் கணவரைப் பற்றிச் சொன்னார்.

அவர் தறிக்கூடம் வைத்திருந்தவர். தொண்டையில் புற்றுநோய் வந்தது. கோயம்புத்தூரில் முப்பது நாளுக்கு மேல் கரண்ட் வைத்தார்கள். பன்னிரண்டு வருடம் ஆகிறது. அப்போது மகள் ஆறாம் வகுப்பு.

"தறிக்கூடத்துக்குப் பொறத்தால ஒரு ரூமுங்க. அதுலதான் அவருக்குப் படுக்க. இப்படித்தானுங்க, தனித் தட்டு, தனி டம்ளரு. அதுக்கப்பறம் ஆறு மாசம் இருந்தாரு. ஒரு நா கூட நான் அவரு பக்கத்துல உக்காரலீங்க. புள்ளையையும் உடலீங்க. அவருக்கு ஆச, கூப்புடுவாரு. கரண்ட்டு புள்ளைக்கு ஏறிப்போச்சுன்னா என்ன பண்றதுங்க?"

"அப்படித் தள்ளி இருக்கணும்னு யார் சொன்னாங்கம்மா?" என்று கேட்டேன்.

"யாரும் சொல்லலீங்க. கரண்ட்டுன்னா அப்படித்தானேங்க? இப்ப உங்களுக்கே அப்படித்தானே சொல்லியிருக்காங்க? என்ன, உங்களுக்கு இத்தன நாளுன்னு ஒரு கணக்குச் சொன்னாங்க. எங்களுக்கு யாரும் நாளு சொல்லலீங்க. அதனால கடேசி வரைக்கும் அப்படியே இருந்துபோட்டோம்."

அவருக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்திருந்தது. அவர் கணவரின் உடம்பில் ஒன்றுமே தங்கியிருக்கவில்லை. முதல் நாளிலிருந்தே பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். மகளை மடியில் விட்டிருக்கலாம். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அந்த மனுஷி எனக்காக வீட்டை விட்டு வந்து சோறாக்கிப் போட்டுக்கொண்டிருக்கிறார். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் போனவரை இனி யார் தொட முடியும்? சும்மா இருந்துவிட்டேன்.

போனில் கணவரிடம் சொன்னேன். "வாயத் தெறக்காத. தெரிஞ்சு அவங்க என்ன செய்யப் போறாங்க?" என்றார். மகள் போனைப் பிடுங்கி, "அம்மா, ரூம்ல லைட்ட அணைச்சா நீ எரிவியா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது போலிருக்கிறது.

மருந்து எங்கெங்கே ஒட்டியிருக்கிறது என்று ஸ்கேன் எடுக்க மறுபடி ஆஸ்பத்திரி போகும் நாள் வந்தது. வீட்டுக்காரம்மாவும் காரில் முன்னால் ஏறிக்கொண்டார். அன்று என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. வீட்டுக்காரம்மா வராமல் இருந்திருந்தால் நடந்தது நடந்திருக்காது. அவரை வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை. உண்மையில் நான் தேடவும் இல்லை.

படத்தில் கழுத்தில் மட்டும் சின்னதாக ஒரு புள்ளி. வேறெங்கும் பரவவில்லை. அந்தப் பெண் சந்தோஷமாகச் சொன்னாள். இன்றே வீட்டுக்குப் போகலாம், குழந்தையிடம் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பேசலாம், இன்னும் ஒரு வாரம் கழித்துத் தூக்கலாம். கர்ப்பிணியிடம் மட்டும் அதற்கு மேலும் விலகி இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மா முன்னால் நகர்ந்தார்.

"ஏனுங்க கண்ணு, இவங்களுக்கு நாளுக் கணக்கு சொல்றீங்க. கரண்ட் வெச்சவங்களுக்கு எத்தன நாளுங்க?"

"வெளிய மெஷின்ல வெக்கறதுங்களா?"

"ஆமாங்க. தொண்டைக்கு."

"அவங்களுக்கு நாளே கெடையாதுங்கம்மா. எக்ஸ்ரே எடுத்துட்டு வந்தவங்க பக்கத்துல நாம உக்காந்துக்கறதில்லீங்களா? அந்த மாதிரிதான். உடம்புல ஒண்ணும் தங்காது. அன்னிக்கே புள்ளைகளத் தூக்கிக் கொஞ்சலாங்க."

நல்ல செய்தி சொல்லும் முகத்தோடு சொன்னாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

"அப்புடீங்களா" என்றார் வீட்டுக்காரம்மா. பையின் ஜிப்பை மூடினார். மறுபடி திறந்து மூடினார். "செரிங்க கண்ணு" என்று எழுந்துகொண்டார்.

கார் பாதி தூரம் வந்தபோது அவர் திரும்பிப் பார்க்காமலேயே கேட்டார்.

"உங்களுக்கு முன்னயே தெரியுமுங்களா?"

"தெரியுங்கம்மா."

"எப்பருந்துங்க?"

"மாத்திரை முழுங்குன அன்னிக்கே."

"சொல்லியிருக்கலாமுங்க" என்றார். ரோட்டோரம் ஒன்றிரண்டு ஊர்கள் தாண்டிப் போயின. "சொல்லாம இருந்ததும் செரிதானுங்க. நாங்களும் யாரையும் ஒரு வார்த்த கேக்கலையே" என்றார்.

மங்கலத்தில் காம்பவுண்டுக்குள் இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. அவர் மகள் கேட்டருகே வந்தாள். நான் குழாய்ப் பக்கம் ஒதுங்கி நின்றேன். வீட்டுக்காரம்மா உள்ளே போகவில்லை. துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, என்னம்மா ஆச்சு?"

"உங்கப்பன் ஒடம்புல ஒண்ணுமே இல்லையாமா கண்ணு. நான்தான் அறிவில்லாம அவர அந்த ரூமுல போட்டு வெச்சேன். ஒரு தடவ புள்ளைய உடுன்னு கேட்டாரு. உடல. உன்னையப் பாக்காமயே போயிட்டாரு" என்றார். அதுவரை இறுகியிருந்த அந்த முகம் உடைந்தது.

மகள் மெல்லிய குரலில் சொன்னாள்.

"அப்பா என்னையப் பாத்தாரும்மா."

"என்ன சொல்ற?"

"நீ தறி ஓட்டறதுக்கு உள்ள போனதுக்கப்பறம் நான் ஸ்கூல் உட்டு வந்து அந்த ரூமுக்குத்தான் போவேன். தெனமும் போவேன். அப்பா, போ கண்ணு போ கண்ணுன்னுவாரு. நான் போமாட்டேன். கால்மாட்டுல உக்காந்து கணக்குப் போடுவேன். தறி சத்தத்துல உனக்கு ஒண்ணும் கேக்காது."

வீட்டுக்காரம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள்.

"நெசமா ஒண்ணும் தங்காதாம்மா? அந்தக் கரண்ட்டு எனக்குள்ள ஏறியிருக்கும், புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருமுன்னு ஏழு மாசமா நான் தூங்கலம்மா. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் செத்துப் பொழைக்கறேன். டாக்டருகிட்டக்கூட சொல்லல. சொன்னா நான் அங்க போனது உனக்குத் தெரிஞ்சுருமுன்னு."

என்னால் பக்கத்தில் போய் அவளைப் பிடித்துக்கொள்ள முடியாது. உண்மையிலேயே விலகி நிற்க வேண்டியவள் அங்கே நான் ஒருத்திதான். கையில் போன் இருந்தது. சந்தேகம் இருந்தால் கூப்பிடுங்கள் என்று ஆஸ்பத்திரிப் பெண் எண் கொடுத்திருந்தாள். கூப்பிட்டு விஷயத்தை இரண்டு வரியில் சொன்னேன். போனைச் சத்தமாக வைத்துப் படியின் மேல் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தேன். மகள் வந்து படியருகே உட்கார்ந்தாள்.

"நான் அவரு கட்டல்ல உக்காந்திருக்கேனுங்க. தெனமும்."

"ஒண்ணும் இல்லீங்க."

"அவரு மிச்சம் வெச்ச கஞ்சியக் குடிச்சிருக்கேனுங்க."

"ஒண்ணும் ஆகாதுங்க."

"ஒரு நா வாந்தி எடுத்தாரு. என்ர பாவாடையிலதான் தொடச்சேன்."

"அதுல கதிர்வீச்சு ஒரு துளிகூட இருந்திருக்காதுங்க."

"லீவு நாளு மதியத்துல அவரு நெஞ்சு மேல தல வெச்சுப் படுத்திருக்கேனுங்க. பேசவே மாட்டாரு, தலையத் தடவிக்கிட்டே இருப்பாரு."

"அதனால உங்களுக்கும் ஒண்ணும் இல்ல, உங்க குழந்தைக்கும் ஒண்ணும் இல்ல. எழுதித் தரச் சொன்னாலும் தாரேனுங்க."

மகள் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனாள். பயத்தில்தான் கேட்டாள். ஆனால் கல்லின் மேல் உட்கார்ந்திருந்த அவள் அம்மாவுக்கு அந்தக் கேள்விகள் வேறாகக் கேட்டிருக்கும். அந்த ஆறு மாதம் அடைத்த கதவுக்குப் பின்னால் நடந்தது என்ன என்று அவர் அப்போதுதான் தெரிந்துகொண்டிருந்தார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். போன் வைத்த பிறகு எழுந்து போய் மகளின் தலையில் கையை வைத்தார்.

"எம்பேச்சக் கேக்காமப் போனயே கண்ணு. அதுவரைக்கும் நல்லது" என்றார்.

நான் எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டேன். கணவர் மகளைத் தன் தம்பி வீட்டில் விட்டிருந்தார். அன்று தனியாக உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தேன். நான் சும்மா இருந்தது சரியா தவறா என்று என்னால் முடிவு சொல்ல முடியவில்லை. ஒருத்தியை நோகடிக்கக் கூடாது என்று நான் மூடி வைத்திருந்த அதே விஷயம்தான் இன்னொருத்திக்குத் தேவையாக இருந்தது. அது எனக்கு எப்படித் தெரியும்? தெரியாதுதான். ஆனாலும் அந்த நான்கைந்து நாள் அவள் கூடுதலாகப் பயந்திருக்கிறாள்.

ஒரு வாரம் கழித்து என் மகளைத் தூக்கினேன். ஓடி வந்தவள் என்னருகே வந்ததும் நின்று, "இப்ப தொடலாமா?" என்று அவள் அப்பாவைக் கேட்டாள். அவர் தலையாட்டினார். கழுத்துத் தழும்பை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறினாள். கனம் கூடியிருந்தாள். நான் மறுபடி வேலைக்குப் போனேன். செக்கிங்கில் என் பக்கத்து மேசைப் பெண்கள் இரண்டு நாள் தங்கள் டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்தார்கள். மூன்றாம் நாள் கத்தரிக்காய்க் குழம்பு கேட்டு அவர்களே என் டப்பாவைத் திறந்தார்கள். வீட்டுக்காரம்மாவின் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம்.

சில மாதங்களுக்குப் பின் எங்கள் வரிசையில் இரண்டாவது வீட்டில் குடியிருந்த மதுரைப் பக்கத்து டெய்லருக்கு வாயில் புண் வந்து அது புற்றுநோய் என்றானது. கரண்ட் வைக்கத் தொடங்கினார்கள். அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"ஏழாம் நம்பர் வீடு காலியாத்தான் கெடக்குது. இவரத் தனியாப் படுக்க வைக்க ஒரு ரெண்டு மாசத்துக்குக் குடுங்கம்மான்னு வீட்டுக்காரம்மாகிட்ட கேட்டேன். முடியாதுன்னு ஒரே வார்த்தையாச் சொல்லிட்டாங்கக்கா. ரெண்டு சின்னப் பிள்ளைகள வச்சிருக்கேன். கொஞ்சமாவது இரக்கம் வேணாமா?"

அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். மெஷினில் வைக்கும் கரண்ட் உடம்பில் தங்காது என்று எனக்குத் தெரிந்தபடி சொன்னேன். இந்தத் தடவை தாமதிக்கவில்லை. அவள் பாதி நம்பினாள். அவளைக் கூட்டிக்கொண்டு இரண்டாவது வீட்டுக்குப் போனேன்.

எங்களுக்கு முன்பே வீட்டுக்காரம்மா அங்கே வந்திருந்தார். டெய்லர் சுவரோரம் பாயில் சாய்ந்திருந்தார். அதே பாயின் மறு ஓரத்தில் வீட்டுக்காரம்மா உட்கார்ந்து, கொண்டுவந்த கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தார். வாசலில் தயங்கி நின்ற இரண்டு பிள்ளைகளையும் பார்த்து, "வாங்க சாமி, உங்கப்பாகிட்ட வந்து உக்காருங்க" என்றார்.